மாமா தைத்த கடிவாய்

என் மாமனார் போடுற தையல்ல யாரும் ஒரு குத்தம் கண்டுபிடிக்க முடியாது. வந்த வினையே அதுதான்.

அக்காவுக்கு ஆபரேஷன், கூட இருக்க ஆள் இல்லன்னு நான் அவ வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்ததும் வழக்கமா பைய வாசல்ல போட்டுட்டு நேரா லாயத்துக்குத்தான் போவேன். வீட்டு மனுஷங்கள அப்புறம் பாத்துக்கலாம், அவங்க எங்க ஓடிடப் போறாங்க. அன்னைக்குன்னு பாத்து எங்க வீட்டுக்காரர் வாசல்லயே நின்னுக்கிட்டு, முதல்ல உக்காரு, முதல்ல டீயக் குடி, முதல்ல அக்கா எப்படி இருக்கான்னு சொல்லுன்னு ஒரே உபசாரம். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எனக்கு ஒரு டம்ளர் தண்ணி மொண்டு குடுக்காத மனுஷன். எனக்கு அப்பவே பொறி தட்டிருச்சு.

"மிளகுக்கு என்ன?"ன்னு கேட்டேன்.

"மிளகுக்கா? மிளகுக்கு ஒண்ணுமில்லையே"ன்னாரு. பொய் சொன்னா அவருக்குக் காது சிவந்துடும். ரெண்டு காதும் தக்காளியா சிவந்து கிடந்துச்சு.

எங்க வீடு ஒடுக்கமா, நீளமா இருக்கும். தெருப் பக்கம் மாமாவோட தையல் கடை. நடுவுல நாங்க இருக்குற ரூம்கள். பின்னாடி முற்றம், அதுக்கும் பின்னாடி லாயமும் வண்டி ஷெட்டும். கல்யாணத்துக்கு, போட்டோ எடுக்க, புதுக் கடை திறக்கன்னு சாரட்டு வண்டி வாடகைக்கு விடுறோம். ஓட்டுறது நான். ஆமா, நான்தான். எங்க வீட்டுக்காரர் போன்ல பேசி வாடகை பிடிப்பாரு, அதுல கெட்டிக்காரர். கடிவாள வாரக் கையில குடுத்தா மட்டும் கை நடுங்கும். எங்ககிட்ட ரெண்டு குதிரை. ஒண்ணு வக்கீல். வாட்டசாட்டமான ஆம்பளக் குதிரை, எதச் சொன்னாலும் எதிர்வாதம் பண்றதால அந்தப் பேரு. இன்னொண்ணு மிளகு. கறுப்பு, சின்ன உடம்பு, நல்ல காரம். மிளகு என் குதிரை. குட்டியா எலும்பும் தோலுமா வந்தத நான்தான் தேத்தி, நான்தான் பழக்கி, நான்தான் வண்டியில பூட்டினேன். அது இல்லன்னா நான் வண்டிக்காரி இல்ல, வெறும் மருமகதான்.

என் குதிரைன்னு வாய் நிறைய சொல்றேனே தவிர, அதுக்கு உசுரு மாமா மேலதான். மாமா ஓயாம பேசுற ஆளு. கடையில கூட்டம் இல்லன்னா கழுத்துல டேப்போட லாயத்துக்கு வந்து நின்னுக்கிட்டு, யாரு இடுப்பு எத்தனை இஞ்ச் ஏறியிருக்கு, யாரு பழைய பேண்ட்டப் புதுசுன்னு சொல்லித் திரியிறாங்கன்னு மிளகுகிட்ட ஊர் வம்பு பூராவும் ஒப்பிப்பாரு. அது அவர் தோள்ல தாடைய வெச்சுக்கிட்டு டேப்ப மென்னுக்கிட்டே கேக்கும்.

லாயத்துக்குப் போனேன். பட்டப்பகல்ல, வாடகை ஒண்ணும் இல்லாத நாள்ல, மிளகு கழுத்துல கல்யாணத்துக்குப் போடுற ஜரிகைத் துணி. தொட்டித் தண்ணிய வெறிச்சுப் பாத்துக்கிட்டு நிக்குது, ஆனா தலையக் குனிய மாட்டேங்குது. நான் போனா கனைக்குற குதிரை, கண்ண மட்டும் லேசாத் திருப்பிச்சு. துணியத் தூக்கினேன்.

கழுத்தும் தோளும் சேருற இடத்துல, வண்டியோட கழுத்துப் பட்டை உக்காருற அதே இடத்துல, ஒரு சாண் நீளத்துக்குத் தையல். எப்படிப்பட்ட தையல்ங்கிறீங்க! ஒவ்வொரு கண்ணும் ஒரே அளவு, ஒரே இடைவெளி, பட்டு நூல் கறுப்புத் தோல்ல கறுப்பா மறைஞ்சு போயிருக்கு. அதச் சுத்தித் தலகாணி மாதிரி வீங்கி, தோல் பளபளன்னு இழுத்து நிக்குது. கைய வெச்சா தோசைக்கல்லு. ஓரத்துல மஞ்சளா கசிஞ்சு காஞ்சிருக்கு. அந்த நாத்தம் இருக்கே, அதச் சொல்லவேண்டாம்.

"யாரு வேலை இது?"ன்னு கத்தினேன். கேக்கவே தேவையில்ல. ஊர்ல இப்படித் தைக்க ஒரே ஆளுதான்.

மாமா பின்னாடி வந்து நின்னாரு. எங்க வீட்டுக்காரர் அவருக்குப் பின்னாடி நின்னாரு. மென்னு முழுங்கி மென்னு முழுங்கி விஷயம் வெளிய வந்துச்சு. நான் இல்லாத சமயத்துல ரெண்டு குதிரைக்கும் தனித்தனியா தீவனம் வைக்கச் சோம்பேறித்தனப்பட்டு, எங்க வீட்டுக்காரர் ஒரே தொட்டியில கொட்டியிருக்காரு. மிளகு வாய வெச்சிருக்கு. வக்கீல் ஒரே கடி. சதையோட கவ்வி இழுத்ததுல உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கிழிஞ்சு தொங்கியிருக்கு.

"டாக்டரக் கூப்பிட என்ன கேடு?"

"நீ கத்துவியேன்னு..." எங்க வீட்டுக்காரர் இழுத்தாரு.

"இப்ப என்ன பாட்டா பாடுறேன்?"

மாமா சொன்னாரு: "சோப்புத் தண்ணி விட்டு நல்லாக் கழுவினேம்மா. ஊசியக் கொதிக்க வெச்சேன். வண்டி சீட்டு தைக்கிற வளைஞ்ச ஊசி. இவன் மூக்கக் கயித்தால முறுக்கிப் பிடிச்சுக்கிட்டான். அசையவே இல்லம்மா அது. என்னையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. கிழிஞ்சு தொங்குறத அப்படியே எப்படி விடுறது சொல்லு? நீ வர்றதுக்குள்ள ஆறிடும்னு நெனச்சேன்."

அதுதான் மாமா. கிழிசல்னு ஒண்ணக் கண்டா அவர் கை சும்மா இருக்காது. பஸ்ல முன் சீட்டுக்காரர் சட்டையில கிழிசல் தெரிஞ்சா, இறங்குற இடத்த விட்டுட்டு அதையே பாத்துக்கிட்டு வர்ற ஆளு. நான் தலையில அடிச்சுக்கிட்டு டாக்டருக்குப் போன் போட்டேன்.

டாக்டரம்மா குள்ளமா இருப்பாங்க, குரல் மட்டும் மைக்செட். ரப்பர் பூட்ஸோட உள்ள வந்தவங்க முதல்ல, "நாய் கடிச்சதா?"ன்னு கேட்டாங்க. குதிரைதான், கண்ணால பாத்தோம்னு எங்க வீட்டுக்காரர் சத்தியம் பண்ணாரு. தெர்மாமீட்டர வாலுக்கடியில வெச்சுப் பாத்து உதட்டப் பிதுக்கினாங்க. அப்புறம் தையல் பக்கத்துல குனிஞ்சு கொஞ்ச நேரம் பாத்தாங்க.

"யாரு போட்டது?"

எங்க வீட்டுக்காரர் மெதுவா மாமா பக்கம் கையக் காட்டினாரு.

"ரொம்ப அழகா இருக்கு. என் ஆயுசுல நான் இப்படிப் போட்டதில்ல."

மாமா முகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சு பாருங்க, எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. டாக்டரம்மா நிமிர்ந்தாங்க. "ஆனா கடிவாய மூடவே கூடாதுங்க. பல்லுல இருக்குற அழுக்கு பூராவும் சதைக்குள்ள போயிடும். அது வெளிய வர வழி வேணும். நீங்க திருடன உள்ள விட்டுக் கதவச் சாத்திட்டீங்க. அவன் உள்ளயே இருந்து வீட்டக் காலி பண்றான்."

மாமா முகம் செத்துப் போச்சு.

டாக்டரம்மா ஊசி போட்டதும் மிளகு தூங்குற மாதிரி தலையத் தொங்கப்போட்டுச்சு. சுத்தி முடிய மழிச்சாங்க. கத்திரிக்கோலால தையல ஒவ்வொண்ணா வெட்டினாங்க. மூணாவது கண்ணு விட்டதும் சீழ் பீச்சிக்கிட்டு அவங்க பூட்ஸ் மேலயே வந்து விழுந்துச்சு. எங்க வீட்டுக்காரர் அவசரமா யாரோ போன் பண்ற மாதிரி காதுல கைய வெச்சுக்கிட்டு வெளிய போனாரு. நான் வாளியப் பிடிச்சேன். மாமா செவுத்துல சாஞ்சு நின்னுக்கிட்டு, ஒவ்வொரு நூல் அறுபடுறப்பவும் அவருக்கே வலிக்கிற மாதிரி கண்ணச் சுருக்கினாரு.

சலைனப் பெரிய சிரிஞ்சுல எடுத்து உள்ள அடிச்சு அடிச்சுக் கழுவினாங்க. விரல விட்டுப் பாத்தாங்க. விரல் போய்க்கிட்டே இருந்துச்சு. "சீழ் கீழ பை மாதிரி இறங்கியிருக்கு, நெஞ்சு வரைக்கும்"ன்னாங்க. கத்திய எடுத்து, நல்லா இருக்குற தோல்ல, கீழ, நெஞ்சுப் பக்கமா வெச்சாங்க.

மாமாவுக்குத் தாங்கல. "அம்மா, அம்மா, அங்க நல்ல தோலாச்சே! மேல இருக்குற ஓட்டை போதாதா?"

"வாளிக்கு மேல ஓட்டை போட்டா தண்ணி வடியுமா பெரியவரே? அடியில போட்டாத்தான வடியும்."

"இல்லம்மா, புதுசா ஒண்ணக் கிழிக்கிறதுன்னா..."

"கொஞ்சம் வாய மூடுங்க மாமா!" நான்தான். வெளியாள் முன்னாடி, பேர் போன தையல்காரர, என் மாமனார. வந்துடுச்சு. மாமா வாய மூடிக்கிட்டாரு.

கீழ கீறினதும் மிச்சம் இருந்ததெல்லாம் அது வழியா வடிஞ்சுச்சு. மேல் ஓட்டைக்கும் கீழ் ஓட்டைக்கும் நடுவுல ஒரு மெல்லிசு ரப்பர்க் குழாய விட்டு, அது நழுவாம இருக்க ஒரே ஒரு தையல் போட்டாங்க. அத மாமாவால பாக்காம இருக்க முடியல. பாத்தாரு.

டாக்டரம்மா கையக் கழுவிக்கிட்டே என்கிட்ட உடைச்சுச் சொன்னாங்க: "காய்ச்சல் இறங்கணும். ரத்தத்துல பரவிட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. உசுரு பொழச்சாலும், தோள் சதை அழுகிடுச்சுன்னா வண்டி இழுக்காது. புண்ணோட ரெண்டு வாயும் திறந்தே இருக்கணும். அடியிலேர்ந்து சதை வளர்ந்து தானா மேல வரணும். அதுவரைக்கும் யாரும் மூடக் கூடாது, கட்டக் கூடாது, அழகு பண்ணக் கூடாது."

அவங்க போனதும் நான் மாமாவப் பாத்துச் சொன்னேன்: "இனிமே என் குதிரை மேல உங்க கை படக் கூடாது."

அன்னையிலேர்ந்து எங்க வீட்டுல பேச்சு நின்னு போச்சு. எங்க வீட்டுக்காரர் நடுவுல தந்தி ஆபீஸ் ஆனாரு. "உங்கப்பாவச் சாப்பிட வரச் சொல்லுங்க." "உங்கப்பாகிட்ட கரண்ட் பில் கட்டியாச்சான்னு கேளுங்க." மாமா பக்கத்துலயே உக்காந்திருப்பாரு. "கட்டியாச்சுன்னு சொல்லுடா"ம்பாரு. எங்க வீட்டுக்காரர் திரும்பி, "கட்டியாச்சாம்"னு என்கிட்ட சொல்வாரு. எனக்குச் சிரிப்பும் வரும், ஆத்திரமும் வரும். ஆத்திரம்தான் ஜெயிக்கும்.

மிளகுக்குக் கழுத்தக் குனிய முடியாததால ஒரு டிரம்மக் கவுத்து, அது மேல தொட்டிய வெச்சுத் தீவனம் குடுத்தேன். காலையும் சாயங்காலமும் கழுவினேன். சீழ் வடியிற வழியெல்லாம் தோல் வெந்து போகும்னு நெஞ்சுல வாசலின் தடவினேன். ஈ மொய்க்காம சுத்தி மருந்து போட்டேன். டாக்டரம்மா வந்து ஊசி போட்டுக்கிட்டு இருந்தாங்க. முதல் ரெண்டு மூணு நாள் அது தீவனத்த மோந்து பாத்துட்டு முகத்தத் திருப்பிக்கிச்சு. நான் லாயத்துலயே கோணி விரிச்சு உக்காந்துட்டேன். ஒரு நாள் காலையில ஒரு வாய் புல்ல எடுத்து மென்னுச்சு. போன உசுரு திரும்பி வந்துச்சு எனக்கு. காய்ச்சல் இறங்கியிருந்துச்சு. அப்புறம் டாக்டரம்மா குழாய உருவிட்டாங்க. இனிமே கழுவினா போதும்னாங்க.

குழாய எடுத்து ரெண்டு நாள்கூட ஆகல. காலையில கழுவலாம்னு போறேன், கீழ் வாய் இல்ல. மூடியிருக்கு. ஒரு மெல்லிசுக் கோடு மட்டும் தெரியுது. மேல மறுபடியும் வீக்கம்.

எனக்குக் கண்ணு மண்ணு தெரியல. அப்படியே வீட்டுக்குள்ள பூந்து, கடைக்கு வந்தேன். மாமா ஒருத்தருக்குக் கோட்டு அளவு பாத்துக்கிட்டு இருந்தாரு. வாய் நிறைய குண்டூசி. அந்த ஆளு ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நிக்கிறாரு.

"மறுபடியும் ஊசிய எடுத்துட்டீங்க, இல்ல?"

மாமா முழிச்சாரு. வாய்ல ஊசி, பேச முடியல.

"அந்த வாயில்லாப் பிராணியக் கொன்னாத்தான் உங்க கை அரிப்பு அடங்குமா? திறந்து கிடந்தா தூக்கம் வரலையா உங்களுக்கு? என்ன போட்டீங்க, நூலா, பசையா?"

கைய விரிச்சு நின்ன ஆளு கைய இறக்கலாமா வேண்டாமான்னு தெரியாம நின்னாரு. மாமா உதட்டுலேர்ந்து குண்டூசிய ஒண்ணொண்ணா எடுத்து, ஒண்ணொண்ணா மணிக்கட்டுல கட்டியிருந்த மெத்தையில குத்தினாரு. எல்லாத்தையும் குத்தி முடிச்ச பிறகுதான் பேசினாரு.

"நான் தொடலம்மா."

நான் நம்பல. நம்பலன்னு வாயாலயும் சொன்னேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், அதெல்லாம் இங்க வேண்டாம்.

டாக்டரம்மா வந்து பாத்தாங்க. கிளவுஸ் போட்ட விரலால அந்தக் கோட்ட ஒரு அழுத்து அழுத்தினாங்க. பொக்குன்னு திறந்துச்சு, சீழ் வந்துச்சு. மிளகு துள்ளிச்சு.

"யாரும் மூடலம்மா. தோல் தானா ஒட்டிக்கிச்சு. தோலுக்கு எப்பவும் அவசரம். உள்ள ஆறுறதுக்கு முன்னாடியே வாசலச் சாத்திடும். இதுக்கு ஒரே வழிதான். தினமும் காலையில யாராவது விரல விட்டு அதப் பிரிச்சுவிடணும். வலிக்கும். மயக்க ஊசியெல்லாம் தினமும் போட முடியாது. உள்ள நிரம்பி வர்ற வரைக்கும் விடாம பண்ணணும். விட்டீங்க, மறுபடி காய்ச்சல் வரும். இந்தத் தடவை தாங்காது."

கடைப் பக்கம் பாத்தேன். மிஷின் ஓடுற சத்தம் கேட்டுச்சு. போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மன்னிப்புக் கேக்குற பழக்கம் எங்க பரம்பரைக்கே கிடையாது. சொல்லல.

நான் விரல விட்டேன். முதல் நாள் மிளகு நடுங்கிச்சு, ஆனா நின்னுச்சு. ரெண்டாம் நாள் பின்னாடி நகர்ந்து செவுத்துல இடிச்சுக்கிச்சு. அப்புறம் என் செருப்புச் சத்தம் கேட்டாலே மூலைக்குப் போய் முதுகக் காட்ட ஆரம்பிச்சுச்சு. ஒரு நாள் சாயங்காலம், கழுவவும் இல்ல, ஒண்ணும் இல்ல, சும்மா முற்றத்துல நடத்தலாம்னு தலைக்கயித்த எடுத்துக்கிட்டுப் போனேன். என் கையப் பாத்ததும் அது தலையத் தூக்கிக் கண்ணு வெள்ளை தெரிய ஒதுங்கிச்சு. குட்டியிலேர்ந்து இந்தக் கைல தின்ன குதிரை. நான் தலைக்கயித்தக் கீழ போட்டுட்டு, அங்கயே தரையில உக்காந்து அழுதேன். சத்தமாத்தான் அழுதேன், ஒளிக்க என்ன இருக்கு.

நடைவாசல்ல மாமா நின்னுக்கிட்டு இருந்தாரு. எத்தனை நேரமா நின்னாரோ. தந்தி ஆபீஸத் தேடாம நேரா என்கிட்டயே பேசினாரு.

"இத நீ பண்ணாதம்மா."

"வேற யாரு பண்ணுவா? உங்க பிள்ளையா? சீழப் பாத்தா அவருக்குத்தான் போன் வந்துடுமே."

"நான் பண்றேன்."

"நீங்க பண்ணது போதாதா மாமா?"

"போதாதுன்னுதான கேக்குறேன்." கோபமே இல்லாம சொன்னாரு. "நீ ஓட்டுறவ. நீ கைய நீட்டினா அது வரணும். நில்லுன்னா நிக்கணும். ரோட்டுல ஜனங்களுக்கு நடுவுல அந்த வண்டிய இழுத்துக்கிட்டுப் போறப்ப, அதுக்கு உன்ன விட்டா யாரு இருக்கா? உன்னக் கண்டு பயந்துச்சுன்னா, புண்ணு ஆறி என்ன பிரயோஜனம்? நான் யாரு, தையல்காரன். என்னப் பிடிக்கலன்னா போகட்டும். என் மிஷின் ஓடாமலா போயிடும்?"

"உங்களால முடியாது மாமா. ஒரு பட்டன் துளை பெருசாயிட்டாலே உங்களுக்குச் சோறு இறங்காது. இது தினமும் கிழிக்கிற வேலை."

"கிழிக்கிறேன்."

அவ்வளவுதான் சொன்னாரு.

மறுநாள் காலையிலேர்ந்து மாமா வந்தாரு. அவரே சட்டம் போட்டாரு. அவர் உள்ள இருக்குறப்ப நான் கண்ணுல படக் கூடாது. என் குரலும் கேக்கக் கூடாது. அவர் வேலைய முடிச்சு வெளிய போனதுக்கு அப்புறம்தான் நான் உள்ள வரணும், வெறுங்கையோட வரக் கூடாது, கேரட்டோட வரணும். கயித்த நல்லாக் கட்டிட்டு, தினமும் ஒரே சட்டையத்தான் போட்டுக்கிட்டு உள்ள போவாரு. அதுவும் போதாதுன்னு, விரல விடுற நேரம் பூரா சத்தமா பேசிக்கிட்டே இருப்பாரு.

"எதுக்கு மாமா பேசுறீங்க? பேசாம பண்ணினா சீக்கிரம் முடியுமே"ன்னு எங்க வீட்டுக்காரர் மூலமா இல்ல, நானே கேட்டேன்.

"யாரு பண்றதுன்னு அதுக்குக் குழப்பம் வரக் கூடாதும்மா. மூஞ்சி, சட்டை, குரல், எல்லாம் ஒரே ஆளுதான்னு தெரியணும். வேற யார் மேலயும் சந்தேகம் விழக் கூடாது."

நான் அடுப்படி ஜன்னல் பக்கத்துல நின்னு கேப்பேன். "இதோ, இதோ, ஆச்சு கண்ணு, அந்த ஸ்டேஷன் மாஸ்டரு இருக்காரே, மறுபடி பேண்ட்டத் தளர்த்தணுமாம், இதோ ஆச்சு"ம்பாரு. மிளகு குளம்பால தரைய உதைக்கிற சத்தம் வரும். பலகை அதிரும். வெளிய வர்றப்ப மாமா முகம் வேர்த்து, வெளுத்துப் போயிருக்கும். குழாயடியில கையக் கழுவிக்கிட்டே இருப்பாரு. ஒரு நாள் தோள்ல கடி வாங்கிக்கிட்டு வந்தாரு, சட்டை கிழிஞ்சு. அந்தச் சட்டையத் தைக்கக்கூட இல்ல, மறுநாளும் அதே கிழிசலோட போட்டுக்கிட்டுப் போனாரு. கிழிசலோட ஒரு சட்டையப் போட்டு எங்க மாமாவ நான் பாத்தது அப்பத்தான்.

கேரட்டோட நான் உள்ள போவேன். முதல்ல மூலையிலேயே நின்னுச்சு. அப்புறம் எட்டி வாங்கிச்சு. அப்புறம் நான் போனா கனைக்க ஆரம்பிச்சுச்சு. அவர் கிட்டேர்ந்து தப்பிச்சு என் கிட்ட வந்து நின்னுக்கும். நான் நல்லவளாயிட்டேன், ஒண்ணும் பண்ணாமலே.

கடைசியா டாக்டரம்மா வந்து விரல வெச்சப்ப, வைக்க இடமே இல்ல. உள்ள பூரா சிவப்பா, கெட்டியா சதை நிரம்பி மேல வந்திருந்துச்சு. "இனி மூடட்டும், விட்டுடுங்க"ன்னாங்க. "தோள் வேலை செய்யும். ஒரு குழி விழும், முடி வெள்ளையா முளைக்கும், அழகா இருக்காது." அழகு யாருக்கு வேணும். நான் அவங்க ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டேன், கிளவுஸோட.

அன்னைக்கு சாயங்காலம் மாமா கடைய அடைச்சுட்டு, குளிச்சு, வேற சட்டை போட்டுக்கிட்டு லாயத்துப் பக்கம் வந்தாரு. கதவுகிட்ட நின்னு, "என்ன கண்ணு, முடிஞ்சுது பாத்தியா"ன்னாரு. மிளகு ரெண்டு காதையும் பின்னாடி படிய வெச்சு, பல்லக் காட்டிக் கதவுக்கே பாஞ்சுச்சு. மாமா ஒரு அடி பின்னாடி போனாரு. "சரி சரி. போயிட்டேன், போயிட்டேன்"னுட்டு கடைக்கே திரும்பிப் போனாரு. அப்புறம் அவர் லாயத்துப் பக்கம் வரல. முற்றத்துல நின்னு, "சாப்பிட்டுச்சா?"ன்னு என்கிட்ட கேப்பாரு. அதுவும் மெதுவா, மிளகு காதுல விழுந்துடாம.

காயம் நல்லா ஆறி, டாக்டரம்மா சரின்னு சொன்ன பிறகு ஒரு நாள் வெறும் வண்டியப் பூட்டி ஓட்டிப் பாக்கலாம்னு கிளம்பினேன். மாமா கடை வாசல் தூணுக்குப் பின்னாடி நின்னு பாத்துக்கிட்டு இருந்தாரு, மிளகு கண்ணுல படாம. எனக்குப் பொறுக்கல.

இறங்கிப் போய், "மாமா, ஏறுங்க"ன்னேன்.

"வேண்டாம்மா, மிரளும்."

"பக்கத்துலயும் பின்னாடியும் தெரியாம கண்பட்டை கட்டியிருக்கு. பின் சீட்டுல உக்காந்தா எப்படித் தெரியும்? குரல் வராம பாத்துக்கோங்க, அவ்வளவுதான்."

தயங்கித் தயங்கி, சுத்திக்கிட்டு வந்து பின்னாடி ஏறினாரு. ஸ்பிரிங் அமுங்கிச்சு. மிளகு ஒரு காதத் திருப்பிச்சு. மாமா ஏதோ சொல்ல வந்தவர், சட்டுன்னு உள்ளங்கையால வாயப் பொத்திக்கிட்டாரு.

கிளம்பினோம். கழுத்துப் பட்டையில மாமா மெத்து வெச்சு அந்தக் குழி மேல படாம தைச்சுக் குடுத்திருந்தாரு, உரசவே இல்ல. மிளகு நேரா இழுத்துச்சு. மெயின் ரோட்டுக்குத் திரும்புற இடத்துல ஒரு கடைக்காரன் இரும்பு ஷட்டர தடதடன்னு இறக்கினான். மிளகு உடம்பு பூரா ஒரு நடுக்கம் ஓடிச்சு, முன்னங்கால் மேல எழும்பிச்சு. "நில்லு கண்ணு"ன்னேன். நின்னுச்சு. என் குரலுக்கு நின்னுச்சு. காது ரெண்டும் என் பக்கம் திரும்பிச்சு. மூச்சு வாங்கிக்கிட்டு, அடுத்து நான் என்ன சொல்லப் போறேன்னு காத்துக்கிட்டு நின்னுச்சு.

நான் முன்னாடி பாத்துக்கிட்டே, ரோட்டுல போறவங்க கேட்டாலும் கேக்கட்டும்னு, "நான் அன்னைக்குக் கடையில அப்படிப் பேசியிருக்கக் கூடாது மாமா. தப்பு என் பேர்லதான். மன்னிச்சுடுங்க"ன்னேன்.

எந்தப் பேச்சுக்கும் எதிர்ப்பேச்சு வெச்சிருக்குற மனுஷன். திரும்பிப் பாத்தேன். வாயப் பொத்தின கைய எடுக்கல. விரல் இடுக்குல கண்ணீரு வழிஞ்சு போய்க்கிட்டு இருக்கு. இன்னொரு கையால ரோட்டக் காட்டுறாரு, என்னப் பாக்காத, முன்னாடி பாத்து ஓட்டுன்னு.

நான் திரும்பி, வார லேசா விட்டேன். மிளகு நடந்துச்சு. வீடு வந்து சேர்ற வரைக்கும் அவர் அந்தக் கைய எடுக்கவே இல்ல.